பழைய கணினிக்கு ராமா, எஸ்எஸ்டியா, லினக்ஸா? தருமபுரி, கிருஷ்ணகிரி சிறு அலுவலகங்களுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் தருமபுரி, அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை என எந்த ஊரிலும் கணினி மையத்து வரிசை வாசலைத் தாண்டும். அதே நாட்களில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளில் எடைச்சீட்டு அடிக்கும் கணினிக்கும் ஓய்வு இருக்காது. வருடம் முழுக்க எப்படியோ ஓடிய இயந்திரங்கள் அப்போதுதான் முரண்டு பிடிக்கின்றன. உடனே கேள்விகள் வருகின்றன: ராம் (ஓடும் நிரல்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) கூட்டலாமா, எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான, சுழலாத சேமிப்பகம்) போடலாமா, விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடலாமா? கூடவே ஒரு துணைக் கேள்வி: பிரிண்டர் ஏன் அடிக்கடி காணாமல் போகிறது?

எல்லா மேம்பாடும் ஏதோ ஒரு இடத்தில் நல்லதுதான். உங்கள் கணினி எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால், நல்ல பொருளும் வீண் செலவாகும். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும், காசும் செலவில்லை. ஆனால் கடை காலியாக இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. வரிசை நிற்கும்போது பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், நெரிசல் நேரத்தில் வேலை எங்கே நிற்கிறது என்பது. இரண்டாவது, உங்கள் மதர்போர்டு அந்தப் பொருளை ஏற்குமா என்பது. மூன்றாவது, அன்றாட மென்பொருளும் கருவிகளும் மாற்றத்துக்குப் பிறகும் ஓடுமா. நான்காவது, பில்லில் வராத செலவு: கடை மூடியிருக்கும் நேரம், ஊழியர் புதிதாகப் பழக வேண்டிய நாட்கள், உத்தரவாதத்துக்காக மறுபடி பயணம். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மலிவாக வாங்கி வருவது வழக்கம். பழுதானால் திருப்பிக் கொடுக்கவும் அங்கேதான் போக வேண்டும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஐந்தாவது, பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பணப் பரிவர்த்தனை நடக்கும் கணினிக்கு இந்த ஐந்தாவதை முதலாவதாகவே வைப்பேன்.

## நினைவகம் நிரம்பும்போது உள்ளே நடப்பது

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தனியாக ஒரு முகவரி வெளியைக் கொடுக்கிறது. தன்னிடம் இருக்கும் முகவரி ராமில் உண்மையில் எந்த இடம் என்பது நிரலுக்குத் தெரியாது. நாம் பயன்படுத்தும் சாதாரணக் கணினிகளில் நினைவகம் பொதுவாக 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் ராமில் எங்கே இருக்கிறது, எது வட்டுக்கு (ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டிக்கு) போய்விட்டது என்ற கணக்கை இயங்குதளம் பக்க அட்டவணையில் வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த மெய்நிகர் நினைவக ஏற்பாடு வந்துவிட்டது.

தாலுகா அலுவலக எழுத்தரின் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசை நிறைந்துவிட்டால், புதிய மனுவுக்கு இடம் பண்ண ஒரு கோப்பைப் பதிவறைக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கோப்பே மறுபடி தேவைப்பட்டால் வேறொன்றை அனுப்பிவிட்டு இதை எடுத்து வர வேண்டும். ராம் கூட்டுவது மேசையைப் பெரிதாக்குவது. எஸ்எஸ்டி, பதிவறைக்கு ஓடுபவரை விரைவாக்குவது. இலகுவான இயங்குதளம், மேசைக்கு வரும் கோப்புகளையே குறைப்பது.

இதில் ஓடுபவரின் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை எண்களில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 11 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதற்கு முன் ஊசி நகரும் நேரம். ஆக, தாறுமாறாகச் சிதறிய பக்கங்களை விநாடிக்குச் சுமார் நூறுதான் எடுக்க முடியும். பிரவுசர் தாவல் ஒன்றின் 100 எம்பி வட்டுக்குப் போயிருந்தால் அது 25,600 பக்கங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடினால் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அடுத்தடுத்த பக்கங்களை இயங்குதளம் சேர்த்துப் படிப்பதால் நடைமுறையில் அவ்வளவு மோசமாவதில்லை. ஆனால் மாணவர் எதிரே நிற்கும்போது இருபது விநாடிகூட நீளம்தான். எஸ்எஸ்டியில் ஒரு பக்கம் எடுக்க 0.1 மில்லி விநாடி அளவு என்று வைத்தால், அதே 25,600 பக்கங்கள் மூன்று விநாடிக்குள் வந்துவிடும். ராமிலேயே இருந்திருந்தால் கண் இமைப்பதற்குள் முடிந்திருக்கும். எஸ்எஸ்டி போட்டாலும் ராம் பற்றாக்குறை தீர்வதில்லை, வலி குறைகிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

ஒரு நிரலுக்கு அந்தந்த நேரத்தில் உண்மையாக வேண்டியிருக்கும் பக்கங்களின் தொகுப்பை அமெரிக்கக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968இல் 'வொர்க்கிங் செட்' என்று வரையறுத்தார். ஓடும் நிரல்களின் இந்தத் தொகுப்புகள் எல்லாம் சேர்ந்து ராமைத் தாண்டிவிட்டால், கணினி கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாவதில்லை, ஒரேயடியாக விழுகிறது. ஒன்பது தாவல் வரை நன்றாக இருந்தது, பத்தாவதைத் திறந்ததும் எல்லாம் உறைந்தது என்பார்களே, அது இதுதான்.

## வரிசை நிற்கும்போது பார்க்க வேண்டியவை

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். அங்கே 'கமிட்டட்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், நிரல்கள் மொத்தமாகக் கேட்டு வாங்கியிருக்கும் அளவு. 4 ஜிபி ராம் உள்ள கணினியில் அது 7.5 என்று காட்டினால் நெருக்கடி எங்கே என்று தெரிந்துவிட்டது. அடுத்து ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' எண். ஒரு நிரலைத் திறக்கும்போது அது எகிறி அடங்குவது இயல்பு. நிமிடக்கணக்கில் நூற்றுக்கணக்கில் நின்றால், பக்கங்கள் ஓயாமல் வட்டுக்கும் ராமுக்கும் அலைகின்றன என்று பொருள். லினக்ஸில் 'ஃப்ரீ' கட்டளை தரும் அட்டவணையில் 'அவைலபிள்' நெடுவரிசையைப் பாருங்கள். வெறுமனே காலியாக இருக்கும் ராம் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ராமில் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வது இயங்குதளத்தின் கெட்டிக்காரத்தனம், கேட்டதும் விட்டுக்கொடுத்துவிடும்.

ராமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை இந்தக் காரணத்தால்தான் வேண்டாம் என்கிறேன். அவை வேண்டிய பக்கங்களையும் வெளியே தள்ளிவிட்டு ஒரு பெரிய எண்ணைக் காட்டுகின்றன. தள்ளியவற்றைக் கணினி அடுத்த நிமிடமே திரும்ப எடுத்து வர வேண்டியிருக்கிறது. பேஜ் ஃபைலை, அதாவது ராமிலிருந்து வெளியேறும் பக்கங்களுக்கு வட்டில் ஒதுக்கிய இடத்தை, பெரிதாக்குங்கள் என்ற அறிவுரையும் நிறைய உலவுகிறது. நினைவகம் போதவில்லை என்று நிரல் மூடிக்கொள்வதை அது தடுக்கும், வேகத்தைத் தராது.

கமிட்டட் எண் ராமுக்குள் அடங்கி, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி வட்டுதான். இரண்டும் அமைதியாக இருந்து இணையப் பக்கம் மட்டும் வராவிட்டால் கணினிக்குள் தேடாதீர்கள். அதைப் பின்னால் பார்ப்போம்.

## ராம் கூட்டுவது

கமிட்டட் எண் ராமைப் போல ஏறக்குறைய இரு மடங்கில் நிற்கும் கணினிக்கு இதற்கு மாற்றே இல்லை. 4 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்குப் போவதுதான் கையில் தெரியும் பாய்ச்சல். விண்ணப்பம் நிரப்புவது, தட்டச்சு, டேலி கணக்கு மென்பொருள் என்று நின்றுவிடும் கடைக்கு 8இலிருந்து 16க்குப் போவதில் பெரிய மாற்றம் இருக்காது. ஃபோட்டோஷாப்பில் பெரிய பிளெக்ஸ் பேனர் வடிவமைப்பவருக்கு இருக்கும். பொருத்தப் பத்து நிமிடம், ஒரு கோப்பும் இடம் மாறாது. கடையை மூட முடியாத சீசனில் இது பெரிய சௌகரியம்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, 32 பிட் விண்டோஸ். 32 இலக்க இரும எண்ணால் 429 கோடியே 49 லட்சம் முகவரிகளைத்தான் எழுத முடியும். பைட்டுக்கு ஒன்று என்றால் அது 4 ஜிபி. அதிலும் ஒரு பங்கு கிராஃபிக்ஸ் போன்ற கருவிகளுக்குப் போய்விடும். ஆகவே 32 பிட் விண்டோஸ் உள்ள கணினியில் 8 ஜிபி போட்டாலும் மூன்றரை ஜிபியைத் தாண்டி அது பயன்படுத்தாது. 64 பிட்டுக்கு மாறப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அப்படியே மேம்படுத்த வழியில்லை. அந்த நாளையும் கணக்கில் சேருங்கள். இரண்டாவது, வகை. டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ராம் வகைகள் இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. சில மடிக்கணினிகள் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகையை மட்டுமே ஏற்கும். பழைய ராமையும் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. மூன்றாவது, பழைய துண்டோடு பொருந்தாத புதுத் துண்டு. கணினி அவ்வப்போது காரணமில்லாமல் நீலத்திரை காட்டும். வாங்கிய அன்றே இரவு முழுக்க மெமரி சோதனை ஓடவிடுங்கள்.

## எஸ்எஸ்டி போடுவது

4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க், 64 பிட் விண்டோஸ் என்ற கணினிதான் நம் பக்கத்துக் கடைகளில் சகஜம். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, கமிட்டட் எண்ணும் ராமைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது என்றால், எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன். காலையில் கணினி எழுவது, நிரல் திறப்பது, பின்னணியில் அப்டேட்டும் வைரஸ் தடுப்பும் வட்டைக் குடைவது என எல்லாக் காத்திருப்பையும் இது குறைக்கிறது. வட்டுக்குப் போன பக்கங்களும் விரைவாகத் திரும்புகின்றன. ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மடிக்கணினிகளுக்குப் பெரும்பாலும் வேறு வழியும் கிடையாது. பழைய போர்டில் வட்டைச் சேர்க்கும் சாட்டா இணைப்பு மெதுவானது என்று தயங்க வேண்டியதில்லை. சின்னச் சின்னப் பக்கங்களை எடுக்கும் வேலையில் அந்த இணைப்பு தடையாவதில்லை.

பழைய வட்டை அப்படியே நகலெடுக்கவோ, புதிதாக நிறுவவோ அரை நாள் போகும். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டு, தயங்கித் தயங்கித்தான் சாகும். மலிவான எஸ்எஸ்டி ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம், அதிலிருந்து தரவை மீட்பதும் கடினம். எனவே கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி எறியாமல் தினசரி நகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத தயாரிப்பில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. எஸ்எஸ்டிக்கு இவ்வளவுதான் எழுதலாம் என்ற எல்லையும் உண்டு. ராம் மிகக் குறைவாக இருந்து பக்கங்கள் நாள் முழுக்க அலைந்தால் அந்த எல்லை சீக்கிரம் நெருங்கும். 2 ஜிபி கணினியில் எஸ்எஸ்டியை மட்டும் போடுவதை ஏற்க மாட்டேன்.

## லினக்ஸுக்கு மாறுவது

பள்ளி ஆய்வகம், நூலகம், இணையம் மட்டும் பார்க்கும் கணினி ஆகியவற்றுக்கு இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான முகப்போடு வரும் லினக்ஸ் மின்ட், அதே 4 ஜிபியில் பிரவுசருக்கு நிறைய இடம் விட்டுவைக்கும். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியாகவும் இருக்க வேண்டும். அதில் தேறாத கணினி பாதுகாப்பு அப்டேட்டுகளோடு இன்னும் சில ஆண்டுகள் உழைக்க நேர்வழி லினக்ஸ்தான். அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கின்றன. மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை அவற்றில் பார்த்திருப்பீர்கள். ஒரு மாணவருக்கு அந்த மடிக்கணினி மறுபடி உயிர் பெறுவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும்.

பணம் கொடுத்து வாங்கும் பொருள் எதுவும் இல்லாததால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. டேலி விண்டோஸுக்கானது. பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப்பில் அழைப்பிதழ் போடும் அச்சகங்களுக்கும் அதே கதி. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து ஆதார் சார்ந்த சேவை செய்யும் மையங்கள், அந்தக் கருவிக்கு லினக்ஸ் மென்பொருள் உண்டா என்று உறுதி செய்யாமல் மாறவே கூடாது. வாடிக்கையாளர் கொண்டுவரும் வேர்டு கோப்பு லிப்ரே ஆபிஸில் திறக்கும். ஆனால் வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த மனு, அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டி, உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

| அளவுகோல் | ராம் | எஸ்எஸ்டி | லினக்ஸ் |
|---|---|---|---|
| தீர்க்கும் சிக்கல் | கமிட்டட் எண் ராமைப் பெரிதும் தாண்டுவது | டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பது | இயங்குதளமே இடத்தை அடைப்பது, ஆதரவு முடிந்தது |
| கடை நிற்கும் நேரம் | சில நிமிடம் | அரை நாள் | நிறுவ அரை நாள், பழகச் சில வாரம் |
| மறைமுகச் செலவு | 32 பிட் விண்டோஸ், பொருந்தாத வகை | தரவு நகல், திடீர்ப் பழுது | டேலி, கைரேகைக் கருவி, ஊழியர் பயிற்சி |
| பொருத்தமான இடம் | சீசனில் பல நிரல்கள் ஓடும் கடை | 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி | பள்ளி ஆய்வகம், வீட்டு மடிக்கணினி |
| வேண்டாம் எனும் இடம் | 32 பிட்டை மாற்ற முடியாத கணினி | 2 ஜிபி மட்டுமே உள்ளது | விண்டோஸ் மட்டுமே ஏற்கும் கருவி உள்ள மையம் |

## பிரிண்டர் காணாமல் போவது: இதுவும் முகவரிச் சிக்கல்தான்

வலையில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் (நான்காம் பதிப்பு) 32 பிட்தான். நினைவகத்தை 4 ஜிபியில் நிறுத்திய அதே 429 கோடிதான் உலக இணையத்துக்கும் எல்லை. உலக அளவில் பங்கிடும் அமைப்பிடம் இருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. உங்கள் கடைக்குள் இருக்கும் 192.168 என்று தொடங்கும் எண்கள் தனியார் முகவரிகள். ஒவ்வொரு கடையிலும் அதே எண்கள் இருக்கலாம். வெளியே போகும்போது ரவுட்டர் தன் அட்டவணையைப் பார்த்து மாற்றி அனுப்புகிறது. உள்ளே அந்த எண்களை யார் கொடுப்பது என்பதில் மூன்று வழிகள்.

ரவுட்டரே கொடுப்பது (டிஎச்சிபி). வந்து போகும் செல்போன், மடிக்கணினிகளுக்கு இதுவே சரி. முகவரி குத்தகைக்குத்தான் தரப்படுகிறது. பாதிக் காலத்தில் கருவி புதுப்பித்துக்கொள்ளும். சனிக்கிழமை இரவு அணைத்த பிரிண்டர் திங்கள் காலை எழும்போது குத்தகை முடிந்து, அதன் எண் வேறு செல்போனுக்குப் போயிருக்கலாம். கணினிகள் பழைய எண்ணுக்கே அச்சுவேலையை அனுப்பி 'ஆஃப்லைன்' என்று காட்டும். பிரிண்டரை மறுபடி மறுபடி நிறுவுவது இதற்கு மருந்தாகாது.

கையால் எழுதுவது. ஒவ்வொரு கருவியிலும் எண்ணை நாமே பதிப்பது. ரவுட்டர் பங்கிடும் வரம்புக்கு வெளியே எண் எடுக்க வேண்டும்: முகவரியின் கடைசிப் பகுதியில் ரவுட்டருக்கு 100 முதல் 199 வரை விட்டுவிட்டு, 2 முதல் 99 வரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். இதை மறந்தால் இரண்டு கருவிக்கு ஒரே எண் விழுந்து இரண்டும் திணறும். இணைய நிறுவனத்தை மாற்றி, புது ரவுட்டரின் எண் வரிசை வேறாக இருந்தால் கையால் எழுதிய எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அதுதான் இதன் உண்மையான விலை.

ரவுட்டரில் ஒதுக்கீடு செய்வது. பிரிண்டரின் மேக் முகவரியை (கருவிக்கு ஆலையிலேயே தரப்பட்ட அடையாள எண்ணை) ரவுட்டரில் பதிந்து, இதற்கு எப்போதும் இந்த எண் என்று எழுதிவைப்பது. பத்து, பதினைந்து கருவி உள்ள அலுவலகத்துக்கு நான் தயங்காமல் சொல்வது இதையே. கருவிகளில் எதையும் தொட வேண்டாம், கணக்கு ஒரே இடத்தில் இருக்கும். ரவுட்டர் ரீசெட் ஆனால் பட்டியல் அழிந்துவிடும். எனவே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஒரே பிரிண்டரின் கேபிளுக்கும் வைஃபைக்கும் வெவ்வேறு மேக் முகவரி உண்டு. எந்த வழியில் இணைத்திருக்கிறீர்களோ அதைப் பதிய வேண்டும். புதிய செல்போன்கள் மாற்று மேக் முகவரியைக் காட்டுவதால் அவற்றுக்கு ஒதுக்கீடு செய்ய மெனக்கெட வேண்டாம்.

கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று அறிந்துகொள்ளலாம்; முதலில் கேபிளைப் பாருங்கள். மாடிக்கு வைஃபை வேண்டும் என்று இரண்டாவது ரவுட்டர் மாட்டியவர்கள், அதில் டிஎச்சிபியை அணைத்தார்களா என்றும் பாருங்கள். இரண்டு ரவுட்டர்கள் ஒரே அலுவலகத்தில் எண் கொடுத்தால் பாதிக் கணினிகளுக்கு நெட் வரும், பாதிக்கு வராது. ராம் போதவில்லை என்று அதற்கும் பழி விழும்.

கிரானைட் யார்டு, கோழிப்பண்ணை, கூழ் ஆலை என்று தள்ளி இருக்கும் இடத்தின் சிசிடிவியை வீட்டிலிருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு நிலையான பொது ஐபி வாங்கச் சொல்லி ஆலோசனை வரும். பணம் கட்டும் முன் ரவுட்டரின் முகப்பில் வேன் முகவரியை, அதாவது இணையத்தின் பக்கம் ரவுட்டருக்கு உள்ள முகவரியை, பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங்கை எவ்வளவு செய்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. அப்போது பொது ஐபிக்குக் கட்டணம் கட்டலாம், அல்லது கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கலாம். நான்கு கேமரா வைத்திருக்கும் யார்டுக்குச் செயலியே போதும். பொது ஐபிதான் வேண்டும் என்றால், கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிய பிறகே போர்ட்டைத் திறந்துவிடுங்கள்; திறந்த போர்ட்டைத் தேடி இணையத்தில் இரவும் பகலும் நிரல்கள் அலைகின்றன.